இறங்கித் தள்ளிய சைக்கிள்: அகதிகளுக்கான ஒரு பயணம் குறித்து

நோட்டீஸிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு எது கையில் கிடைத்தாலும் அதைப் பிரதியாக வைத்து வாசிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. சென்ற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திருச்சிப் பக்கத்து அகதி முகாம் ஒன்றுக்குச் சைக்கிள் பயணம் நடந்தது. நிதி திரட்டி முகாம் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பது நோக்கம். நடத்தியவர்கள் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது. கெட்டவர்களைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த நோட்டீஸில் அகதி என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஏழு இடத்திலும் 'கு' உருபை ஏற்றே வருகிறது. அகதிகளுக்காக, அகதிகளுக்கு, அகதிக் குழந்தைகளுக்கு. ஒரு இடத்தில்கூட எழுவாயாக வரவில்லை. அகதி வருகிறார், அகதி பேசுகிறார், அகதி சைக்கிள் மிதிக்கிறார் என்று ஒரு வாக்கியம் கிடையாது. நன்னூல் நான்காம் வேற்றுமைக்கு அடுக்கும் பொருள்களில் முதலில் நிற்பது கொடை. அதே வரிசையில் பின்னால் முறை என்று ஒன்று வரும். இன்னாருக்கு இன்னார் மகன் என்பதுபோல உறவைச் சொல்வது. நோட்டீஸ் வாய்நிறையப் பேசுவது முறையை. 'தொப்புள்கொடி உறவு' நாலு தடவை வருகிறது. செய்ததெல்லாம் கொடையை. இந்த இரண்டுக்கும் நடுவில் பகை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

தொப்புள்கொடி என்ற சொல்லை மேடையில் யார் சொன்னாலும் எனக்கு எங்க அம்மாச்சி ஞாபகம்தான் வரும். குடியானத் தெருவில் எத்தனையோ பிரசவம் பார்த்த கை அது. கொடி அறுத்து, நஞ்சைப் புதைத்து, தீட்டுத் துணி அலசிப் போட்டுவிட்டு, போன வழியே கொல்லைப்புறமாக வெளியே வந்தவள். அவள் அறுத்த கொடிக்குரிய பிள்ளைகள் வளர்ந்து அவளைப் பேர் சொல்லி 'வாடி போடி' என்று கூப்பிட்டார்கள். கொடியை வைத்து உறவு பேசுகிறவர்கள் அதை அறுத்தவளுக்கு என்ன முறை சொல்வார்கள்? இந்தக் கேள்வி நோட்டீஸ் எழுதியவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அவர் வீட்டுக் கொல்லைக் கதவை அவர் உள்ளேயிருந்துதான் பார்த்திருப்பார்.

பயணத்துக்கு வருவோம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். அதற்கு ஒரு பனியன், ஒரு மெடல், காலைச் சாப்பாடு. நடவுக்குப் போகிற ஒரு பொம்பளைக்கு அது ஒரு நாள் கூலியைத் தாண்டிய தொகை. அதோடு புரட்டாசி சம்பா நடவு முடிகிற, களையெடுப்பு தொடங்குகிற நாள். டெல்டாவில் அந்த நாளில் சேரிக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. தேதியை முடிவு பண்ணியவர்கள் வானிலை பார்த்தார்கள், பள்ளிக்கூட விடுமுறை பார்த்தார்கள், வயலைப் பார்க்கவில்லை. சோற்றுக் களஞ்சியம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஊரில் நடக்கிற கூத்து இது.

எங்க தெருவிலிருந்து நாலு பேர் கிளம்பினோம். எனக்குக் கட்டணம் தோழர் ஒருவர் கட்டினார். மற்ற மூன்று பேரும் கட்டடவேலை பார்க்கிற பையன்கள், ஒரு வாரமாகச் சேர்த்துக் கட்டினார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சைக்கிளைச் சோதித்தார்கள். கியர் சைக்கிள்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் எங்க பையன்களின் மூணு மாசச் சம்பளம். இவன்கள் கொண்டுபோனது சிமெண்டு மூட்டையும் சாரக்கயிறும் ஏற்றுகிற பழைய சைக்கிள். பெரிய கேரியர், டைனமோ, ஒட்டுப்போட்ட டயர். தலைக்கவசமும் இல்லை. பாதுகாப்புக் காரணத்தால் அனுமதி இல்லை என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். வேண்டுமானால் பனியனைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வண்டியில் ஏறி வரலாம், பாட்டில் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்து, 'அக்கா, இந்த வண்டிலதான் தினமும் நாப்பது கிலோமீட்டர் போயிட்டு வர்றேன், இவங்க எல்லாம் ஞாயித்துக்கெழமை மட்டும்தான் ஓட்டுறாங்க' என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பாதுகாப்பு முக்கியம்தான். பிரேக் இல்லாத வண்டியில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் அனுப்பச் சொல்கிற மூடத்தனம் எனக்கில்லை. ஆனால் தஞ்சாவூரில் சைக்கிள் கடை எத்தனை இருக்கிறது! முதல்நாள் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்திருந்தால் ஒரு பிரேக் கட்டை, ஒரு டயர், ரெண்டு மணி நேர வேலை. தலைக்கவசம் பத்து வாங்கி வைத்திருந்தால் வருஷா வருஷம் பயன்படும். பனியனுக்கும் மெடலுக்கும் போன காசில் இது ஒரு பங்குகூட வராது. தண்ணீர் வண்டியில் ஏறிக்கொள் என்கிற யோசனை சட்டென்று வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது. நம்ம பையன்களைப் பார்த்தால் எடுபிடி வேலை தானாக ஞாபகம் வருகிறது.

வழித்தடம் நேர்ச்சாலையில் இல்லை. வல்லம், செங்கிப்பட்டி வழியாகப் போகிற நெடுஞ்சாலையில் லாரி அதிகம் என்று திருக்காட்டுப்பள்ளி, கல்லணை வழியாக ஆற்றங்கரைப் பாதையை எடுத்தார்கள். நோட்டீஸில் 'எழில் கொஞ்சும் கிராமங்கள்' என்று போட்டிருந்தது. அந்த எழில் எப்படி அமைந்தது என்று நமக்குத் தெரியும். ஆற்றை ஒட்டி அக்ரகாரம், அதை அடுத்துக் குடியானத் தெரு, அதற்கப்புறம் வயல், வயலுக்கு நடுவில் மழைக்காலத்தில் தண்ணி நிற்கிற திட்டில் சேரி. ஆற்றங்கரை வழி என்று முடிவெடுத்தாலே சேரி வராது என்று முடிவெடுத்த மாதிரிதான். அவர்கள் வேண்டுமென்று தவிர்க்கவில்லை. சாலை அப்படிப் போகிறது, சைக்கிள் சாலையில் போகிறது. சாதி இவ்வளவு சுலபமாக வேலை செய்யும்.

நடுவில் எங்க ஊரும் வந்தது. குடியானத் தெருமுனையில் பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள். எழுபது சைக்கிள்காரர்களும் மணியடித்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள். நான் நுழைவதற்குள் கால் தானாக நின்றது.

எங்க தாத்தா பண்ணையாள். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு பழைய ஹெர்குலிஸ் வாங்கினார். அந்தத் தெரு முனைக்கு வந்தால் இறங்குவார், தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார், அந்தக் கோடிவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்ப ஏறுவார். எங்களுக்கு அது ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது, இறங்கணும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2001-02 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் கொடுத்தார்கள். எங்க அக்காவுக்கு அடுத்த வருஷம் கிடைத்தது. சைக்கிளைப் பார்த்தாலே யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். அக்கா இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரெண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், வால்டியூப்பையும் சேர்த்து. அக்கா அழுதுகொண்டே தள்ளிக்கொண்டு வந்தாள். தாத்தா தள்ளிய அதே தெருவில். அப்புறம் திட்டம் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது. 2007இல் எனக்குக் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே சைக்கிள், ஒரே நிறம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட முடிந்தது. உள்ளடக்குவது என்கிறார்களே, அதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் இதுதான். முதலில் இல்லாதவளுக்குக் கொடுத்தார்கள், பிறகு அவள் தனியாகத் தெரியாதபடி எல்லாருக்கும் கொடுத்தார்கள். ரெண்டும் வேண்டியிருந்தது.

மோர்ப் பந்தலில் நான் நிற்கவில்லை. வரப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்க தெருப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு சித்தி, 'ஏண்டி, எங்க போறீங்க எல்லாரும், ஓட்டுக்கா?' என்று கேட்டாள். அகதிகளுக்காக என்றேன். 'நம்மள கூப்புடலையே' என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முகாமில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எல்லாரும் பார்த்த காட்சிதான். பிள்ளைகள் ரெண்டு வரிசையாகப் பூக்கொத்தோடு ஒரு மணி நேரமாக நிற்கிறார்கள். நாங்கள் போனதும் பாட்டு. வந்தவர்கள் பேசினார்கள், ஆறு பேர். முகாம் தரப்பில் நன்றியுரைக்கு மட்டும் ஒருவரை ஏற்றினார்கள். காசோலை கொடுத்தார்கள், பெரிதாக அச்சடித்த அட்டையில். காசு உண்மை, அதில் சந்தேகமில்லை. அந்த வருஷம் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் இருந்த பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அதைக் குறைத்துச் சொன்னால் நான் பொய்க்காரி. 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்த உயர்வுக்குப் பிறகும் முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 என்றுதான் நின்றது. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் அப்போதுதான். ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும். இப்படி இருக்கிற இடத்துக்கு வந்த காசு எந்த வழியில் வந்தாலும் காசு.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வயசான அம்மா என் பனியனைப் பிடித்து இழுத்தார். 'தஞ்சாவூரா தங்கச்சி? மன்னார்குடி கிட்டத்தில வருமா?' என்றார். அவருடைய தாத்தா மன்னார்குடிப் பக்கம் என்று சொல்லுவாராம், ஊர்ப் பேர் மறந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் இவர். 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடி, பிறகு போர் துரத்தி, படகில் இங்கே. தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவதைச் சொன்னார், அப்பா ரதி வேஷம் கட்டுவாராம். எங்க ஊரிலும் காமன் எரிப்பு உண்டு என்றேன். என் முகத்தையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, 'நீங்க எந்தச் சாமி கும்புடுவீங்க?' என்றார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பெரியாச்சி, வீரனார் என்றேன். கையை விடவே இல்லை.

நோட்டீஸில் இல்லாத வரலாறு அந்தக் கையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி இலங்கைக்குப் போனவர்கள் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் சீமைகளின் சேரிக்காரர்கள்தான் பெரும்பாலும். கங்காணி கூட்டிப்போனான். மண்டபத்தில் ஒரு முகாம் கட்டி, கூலிகளுக்கு நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்து, அப்புறம் கப்பலேற்றினார்கள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களை இறக்கி வைத்ததும் அதே மண்டபம் முகாமில்தான். தாத்தாவைக் கூலியாக அடைத்த இடத்தில் பேத்தியை அகதியாக அடைத்தார்கள். 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி இலங்கையை விட்டது. முஸ்லிம்களையும் விட்டது. கேளம்பாக்கத்தில் வருஷக்கணக்காக இருக்கிற ரோஹிங்கியாக் குடும்பங்களுக்காக இங்கே ஒரு சைக்கிளும் ஓடவில்லை. தொப்புள்கொடி அவ்வளவு தூரம் நீளாது போலிருக்கிறது.

எங்களிடமிருந்து போனவர்கள் திரும்பி வந்து முகாமில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நடக்கிற பயணத்தில் நாங்கள் தண்ணீர் வண்டியில். முறை என்று யார் யாரிடம் சொல்வது?

இனி பகை. ஈழத்தமிழர் என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறபோது யாழ்ப்பாணத்துச் சாதி மறைந்துபோகிறது. கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்தது அதை மறையவிடாமல் இருக்கத்தான். வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்று ஐந்து சாதிகளை வெளியே நிறுத்தி வைத்த வெள்ளாளச் சமூகத்தை அவர் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நின்றார். 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம், தேநீர்க்கடையில் சமமாக உட்காருவதற்கான சண்டைகள், இவையெல்லாம் அந்த இயக்கக் காலத்தவை. அந்த டானியல் 1986 மார்ச்சில் இறந்தது எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். புதைத்ததும் இங்கேதான். ஈழத்து அகதிகளுக்காகத் தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிற ஒரு பயணம், இதே மண்ணில் கிடக்கிற ஈழத்துத் தலித் எழுத்தாளனை நினைக்காமல் பெரிய கோயில் வாசலில் சாமி கும்பிட்டுக் கிளம்பியது. பயணக் குழுவில் தமிழாசிரியர்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். இதை நான் எளிதில் மன்னிக்கிறதாக இல்லை.

சைக்கிளும் அகதியும் சேர்ந்து வருகிற வேறு இடங்களைப் பார்த்தால் நம்முடைய கோளாறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அய்ரோப்பாவில் புலம்பெயர்ந்த தமிழர்கள் இன அழிப்புக்கு நீதி கேட்டு வருஷா வருஷம் ஜெனிவாவில் அய்.நா. மனித உரிமைப் பேரவை கூடுகிற குளிர்காலத்தில் சைக்கிளில் போகிறார்கள். 'ஈருருளிப் பயணம்' என்பார்கள். (நம்ம நோட்டீஸில் 'மிதிவண்டி'. எங்க தெருவில் ரெண்டும் கிடையாது, சைக்கிள்தான்.) நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் வழியாக, ஊர் ஊராக நகரசபைகளில் மனுக் கொடுத்துக்கொண்டு, பனியிலும் மழையிலும். அங்கே மிதிக்கிறவரே அகதியாகப் போனவர். அவர் எழுவாய். அதற்காக அங்கே சாதி இல்லை என்று சொல்லவில்லை. 2007இல் பாரிஸில் இலங்கைத் தலித்துகள் தனியாக மாநாடு கூட்ட வேண்டித்தானே இருந்தது. லண்டனில் 2013இல் தொடங்கிய 'பைக் புராஜெக்ட்' என்ற அமைப்பு இன்னொரு வழி எடுத்தது. தஞ்சம் கேட்டு வந்தவருக்கு அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது, பஸ்ஸுக்குக் காசு இருக்காது. பிறர் விட்டுப்போட்ட சைக்கிள்களைப் பழுதுபார்த்து அவருக்கே கொடுக்கிறார்கள். அகதிப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். கொடைதான், ஆனால் கொடுப்பது சைக்கிளை. அதுக்கப்புறம் எங்கே போவது என்பது அவர் இஷ்டம்.

லண்டன் வரைக்கும் போவானேன், கந்தர்வகோட்டை தாண்டினால் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் எழுத்தோடு சேர்த்தார். அறிவொளிப் பெண் ஊழியர்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடன். ஒருத்தி கற்றுக்கொண்டு இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்தாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பிளைச் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தை, பின்னால் விறகு. ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்களுக்கு மேல் சைக்கிளுக்கு வந்துவிட்டார்கள் என்று சாய்நாத் எழுதினார். கல்குவாரியில் உடைக்கிற பெண்ணும் விவசாயக் கூலியும் அதில் இருந்தார்கள். கேலி பேசிய ஆண்களின் வாயை எண்ணிக்கையே அடைத்தது. அங்கே யாரும் பதிவுக் கட்டணம் கேட்கவில்லை, கேரியர் வைத்த வண்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பவுமில்லை. பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை, முப்பது வருஷத்துக்குமேல் கழித்து, நாம் பனியன் அளவு கேட்டுத் தொலைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதி மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். 'நல்ல காரியத்துல ஏம்மா சாதியக் கொண்டுவர்றீங்க' என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். நான் கொண்டுவரவில்லை அய்யா, வழித்தடத்திலேயே இருந்தது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் சேரி இளைஞர்கள் பத்துப் பேருக்குக் கட்டணமில்லாமல் அனுமதி தரலாம் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். நல்லெண்ணம்தான். திரும்பவும் நான்காம் வேற்றுமை. இலவச அனுமதி என்று பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டால், அக்காவின் சைக்கிள் மாதிரி, பார்த்ததும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

கட்டணத்தையே எடுத்துவிடுங்கள், முடிந்தவர் உண்டியலில் போடட்டும், எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். தேதியை நடவும் அறுப்பும் இல்லாத பங்குனி, சித்திரைக்குத் தள்ளுங்கள். வெயில்தான், அதிகாலையில் கிளம்பினால் ஆகிவிடும். அறுபது கிலோமீட்டரை ஒரே ஆள் மிதித்தால்தான் பயணமா? ஊருக்கு ஊர் ஆள் மாறட்டும். நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற நடவுப் பெண்ணும், கையால் மிதிக்கிற மூன்று சக்கர வண்டிக்காரரும், பாய் விற்கப் போகிற பாயும் அதில் வரட்டும். பெண்களுக்கென்று தனியாக அஞ்சு கிலோமீட்டர் வைத்து அதற்குப் பூ வைத்துப் படம் பிடித்ததை விடுங்கள். மெடல் வேண்டாம். எங்க பையன்களை வழிகாட்டியாகவும் மெக்கானிக்காகவும் முன்னால் விடுங்கள், அவன்களுக்குத் தெரியாத மேடுபள்ளம் அந்தச் சாலையில் இல்லை. சேரிக்குள் நுழைந்து சாப்பிடுவது பற்றியும் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. திசையைத் திருப்புங்கள். முகாமிலிருந்து கிளம்பி தஞ்சாவூர் வரட்டும். வெளியே தங்குவதற்கு அனுமதி வேண்டும், அதை முன்னாலேயே எழுதிக் கேட்பது அமைப்பாளர் வேலை, அவர்கள் வேலை இல்லை. டானியல் கல்லறைக்கு வரட்டும். அங்கிருந்து மன்னார்குடிப் பக்கம் போய் அந்த அம்மாவின் தாத்தா ஊரைத் தேடட்டும். ஊர் கிடைத்தாலும் எந்தத் தெருவுக்குப் போவார்கள், அங்கே இறங்கித் தள்ளச் சொல்வார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குழு பரிசீலிப்பதாகச் சொன்னது. பரிசீலிக்கட்டும். நாங்கள் எங்க தெருவில் பழைய சைக்கிள்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். அக்காவுடையதும் ஒன்று, பரணில் கிடந்தது. இதுவரை ஏழு தேறியிருக்கிறது. ரெண்டுக்கு ரிம் வளைந்திருக்கிறது, ஒன்றுக்குச் செயின் இல்லை. முகாமில் அந்த அம்மாவின் பேரன் உட்பட பதினோரு பேர் வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் பெண்கள், ஒருத்திக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. அனுமதி மனுவை அலுவலகத்தில் கொடுத்தபோது, நோக்கம் என்ன என்று எழுதச் சொன்னார் எழுத்தர். அந்தப் பேரன் பேனாவை வாங்கி, 'தாத்தாவின் ஊரைப் பார்க்க' என்று எழுதினான். எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றான். தெரியாத ஊருக்கு எப்படி அனுமதி கொடுப்பது என்று மனுவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். தை பிறந்ததும் திரும்பப் போகிறோம்.